சொந்தக் காசில் ஒரு நாயனம்

நாமக்கல் நண்பர் அதை ‘இண்டி ஆல்பம்’ என்றுதான் சொன்னார். கேலி இல்லை. கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. அண்ணனும் தம்பியும் கைக்காசைப் போட்டுப் பதிவு செய்கிறார்கள். பிறகு இதற்கு வேறென்ன பெயர் என்று கேட்டார். கிதாருக்குப் பதில் நாகஸ்வரம், டிரம்ஸுக்குப் பதில் தவில். ராக் குழுக்கள் ஆம்ப்ளிஃபயர் வைத்துக் கிளப்பும் சத்தத்தை இந்த இரண்டும் மின்சாரமே இல்லாமல் கிளப்பிவிடும்.

அந்தப் பதிவைப் பார்க்கக் கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். அதைப் பற்றி எழுதாத கொல்லிமலைக் கட்டுரை இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். செம்மேட்டுக்கு அப்பால், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. மிளகு மூட்டை அடுக்கும் இடம் அது. மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு இரண்டு மைக் நிறுத்தியிருந்தார்கள்.

இருவரும் அடிவாரத்து ஊர்க்காரர்கள். பதிவுக்கு ஏன் மலையேறி வந்தீர்கள் என்றேன்.

“கீழ ஸ்டூடியோவுல மணிக்கு இவ்வளவுன்னு வாடகைங்க. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள நாயனத்த வாசிச்சா சத்தம் செவுத்துல முட்டி நம்ம மூஞ்சிக்கே வருதுங்க” என்றார் அண்ணன்.

பிராகாரத்துக்கும் வீதிக்கும் செய்த வாத்தியம். ஏழெட்டு அடிக்குள் அடைத்தால் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

அவர்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நாமகிரிப்பேட்டை. அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயராகவே ஆக்கிக்கொண்ட கிருஷ்ணன் 1981இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவருடைய மங்கள இசைக் கேசட் ஓடாத கல்யாண மண்டபம் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் இல்லை. இவர்களுடைய அப்பா அந்தக் கேசட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பாதிப் பாடம் படித்தாராம். அண்ணன் தம்பியாக வாசிப்பதும் நாயனத்துக்குப் புதிதல்ல. இரட்டை நாயனம் என்றாலே திருவீழிமிழலை சகோதரர்கள் பெயர் வரும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜியின் கன்னம் உப்புவதைப் பார்த்தோம். காதில் விழுந்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு.

அன்று காலை என்னை அதிகம் பிடித்து வைத்துக்கொண்டது ஒரு சீவாளி, நாயனத்தின் ஊதுவாய். அண்ணன் பழைய மிட்டாய் டப்பாவில் பஞ்சு போட்டு ஏழெட்டு வைத்திருந்தார். காவிரிப் பக்கம் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, ஒரு முனையைத் தட்டையாக்கி, மறுமுனையைக் கெண்டை என்னும் உலோகக் குழாயில் செருகி நூலால் இறுகச் சுற்றியிருக்கும். நீளம் ஒரு விரல் கணுவைத் தாண்டாது. திருவாவடுதுறையில்தான் வாங்குகிறார். ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊறவிட்டார். பேச்சு நின்றது. எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதன் வாயைப் பார்த்தார். நாயனத்தில் கட்டித் தொங்கும் குச்சியை உள்ளே விட்டு மெல்லத் திருப்பினார். மறுபடி ஊறல். பொருத்தி ஊதினால் காற்றுதான் வந்தது.

“மலைப்பனிக்கு வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. கீழ இதே சீவாளி தங்கமாப் பேசும்.”

மூன்றாவது சீவாளி பேசியது. ஆனால் வேறொரு சிக்கல். வாசிக்க வாசிக்கக் குழல் சூடேறிச் சுருதி மேலே போகிறது. முதலில் பதிந்ததும் வெயில் ஏறியபின் பதிந்ததும் ஒட்டவில்லை என்று லேப்டாப்பில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் முகம் சுளித்தான். “அதுக்குத்தான் உன்னய வெச்சிருக்கு” என்றார் தாய்மாமன். சுருதிப் பெட்டியை எப்படி மாற்றினான், கோடு கோடாக ஓடியதை எப்படி வெட்டி ஒட்டினான் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

வெளியே தம்பி ஸ்பேனரோடு தவிலை முறுக்கிக்கொண்டிருந்தார். வார் போய் நட்டு போல்ட்டு வந்துவிட்டது. பனிக்குத் தோல் தளர்ந்தால் ஒரு சுற்று. கொல்லிமலை என்றால் பலா. தவிலின் கட்டையும் பலாதான். வலது கை விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு தோலில் ஒரு சொல் தட்டினார். பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து போயிற்று.

“நம்ம ஆல்பத்துக்கு மொத விமர்சனங்க” என்றார்.

காசுப் பேச்சைத் தம்பிதான் எடுத்தார். இப்போது முகூர்த்தத்துக்கு யாரும் நேரே வந்து வெற்றிலை பாக்கு வைப்பதில்லை. பந்தல், சாப்பாடு, போட்டோவோடு மேளமும் காண்டிராக்டரின் பேக்கேஜில் ஒரு வரி. கல்யாண வீட்டில் அவர் வாங்குவதில் பாதிதான் இவர்கள் கைக்கு வரும். பெண் அழைப்புக்குச் செண்டை மேளம் வேறு வந்துவிட்டது. நாயனத்துக்குத் தாலி கட்டும் நேரம் மட்டும் மிச்சம். சரி, நாமே பதிந்து நாமே வெளியிடுவோம் என்று போன வருஷம் ஒரு கீர்த்தனையை இணையத்தில் ஏற்றினார்கள். இதன் உரிமை வேறொருவருடையது என்று ஒரு கம்பெனியின் பெயரில் அறிவிப்பு வந்தது. பாடலை எழுதியவர் இறந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல். வாசித்தது இவர்கள். உரிமை மட்டும் எவனோ ஒருவனுக்கு! பதிலுக்கு எழுதிப் போட ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும். அவருக்கும் ஒரு காசு. ஸ்பாட்டிஃபையிலோ 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்குச் சல்லிக்காசு இல்லை. நாயனத்தில் ஒரு தோடி ஆலாபனையை ஆயிரம் பேர் தேடிப்பிடித்துக் கேட்கும் நாளில் இவர்களுக்கு அந்தக் காசே தேவைப்படாது.

கம்பெனி பின்னால் இருந்தால் கதை வேறு. சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஈழத்துப் பெண் பிரியா ரகு, அண்ணன் ஜாஃப்னா கோல்டோடு சேர்ந்து செய்த ‘சந்தோஷம்’ ஆல்பம் 2023இல் உலகம் முழுக்கப் போயிற்று. தம்பிக்கு அது தெரிந்திருக்கிறது. போனில் போட்டுக் காட்டினார். “அதுவும் அண்ணன் தங்கச்சிதானுங்க” என்றார், ஏதோ சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல.

இந்த மலையில் இசைக்காரர்களுக்குக் கிடைத்த கூலியைப் புறநானூறு எழுதி வைத்திருக்கிறது. 152ஆம் பாட்டில் புலவர் வன்பரணரின் கூட்டம் முழவும் யாழும் தூம்பும் எடுத்து வாசிக்கிறது. வேட்டைக்கு வந்த கொல்லிமலைத் தலைவன் ஓரி இறைச்சியும் மதுவும் பொன்னும் தருகிறான். அடுத்த பாட்டில், பரிசு வாங்கி வயிறு நிறைந்த கூட்டம் ஆட்டத்தையும் பாட்டையுமே மறந்துபோகிறது. புலவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். கலைஞனைப் பட்டினி போட்டால்தான் கலை வளரும் என்பவர்கள் இதைச் சாட்சிக்கு இழுக்கக்கூடும். எனக்குப் படுவது வேறு: ஓரிக்கும் பாணருக்கும் நடுவே ஒருவரும் நிற்கவில்லை. வல்வில் ஓரி விழா ஆடிதோறும் நடக்கிறது. அதில் மேடை கிடைக்கவும் சிபாரிசு தேட வேண்டும் என்றார் அண்ணன்.

ஆல்பத்தை எங்கே வெளியிடுவது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் நெரியும், பென் டிரைவில் போட்டு விற்கலாம் என்பது அண்ணன் கணக்கு. “இப்ப வர்ற கார்ல பென் டிரைவ் சொருகறவன் எவண்ணா இருக்கான்?” என்றார் தம்பி. அட்டையில் கியூஆர் கோடு அடித்துக் கையில் கொடுப்போம், ஜிபேயில் பிடித்ததைப் போடட்டும் என்றார். மிளகு வியாபாரி இடையில் வந்து மூட்டையை எப்போது நகர்த்தலாம் என்று கேட்டதில் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

கிளம்பும்போது அண்ணன், “நீங்க புஸ்தகம் எழுதறீங்களே, வித்தா உங்களுக்கு என்னங்க வரும்?” என்றார்.

“நூறு ரூபாய்க்குப் பத்து. அதுவும் பதிப்பகம் கணக்கு அனுப்பினால்.”

தம்பி அண்ணனைப் பார்த்தார். “அப்ப காண்டிராக்டர் பரவால்லீங்கண்ணா.”