பானெட் சூடாக இருந்தது

மஞ்சள் விற்ற காசு கையில் இருந்தது. அம்மாவை மாதம் இருமுறை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ராசிபுரம் பக்கம் 2013 மாடல் டீசல் எர்டிகா விலைக்கு வந்தது. ஏழு பேர் உட்காரலாம்; 1,248 சிசி எஞ்சின். 2020-ல் மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால், இனி கிடைப்பது பழசுதான்.

நாமக்கல்லில் லாரி மெக்கானிக்காக இருந்த தாய்மாமா கூட வந்தார். நேராகப் போய் பானெட்டில் கை வைத்தார். "சூடா இருக்குது மாப்ளே. நாளைக்குக் காலையில வர்றோம், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிடு."

மறுநாள் மூன்று தடவை இழுத்த பிறகுதான் வண்டி பிடித்தது. ஹீட்டர் பிளக் என்றால் சின்னச் செலவுதான். ஆனால் நீலப்புகை நிற்கவில்லை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்தினார், குபுகுபுவென்று புகை. "ரிங் தேஞ்சு போச்சு, எஞ்சினை இறக்கணும்." பெயின்ட் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. எனக்கு மனசே வரவில்லை.

ஆர்.சி.யிலும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் நீக்கப்படவில்லை. அவர்களுடைய என்.ஓ.சி. இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. 15 வருடப் பதிவும் 2028-ல் முடிகிறது.

அட்வான்ஸ் பணத்தோடு திரும்பிவிட்டோம். அம்மாவுக்கு இப்போதைக்கு பஸ்தான். அடுத்த வாரம் பரமத்தி வேலூரில் ஒன்று பார்க்கிறோம். ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க என்று இப்போதே போனில் சொல்லிவிட்டேன்.