காத்திருப்பது எது?

மனிதனுக்கு இன்றியமையாதவை சில. அவன் விரும்புபவையோ பல. உண்ண உணவும், உடுக்க உடையும், இருக்க இல்லமும் தேவை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயின், சம்பளம் கையில் வந்த அன்றே அவ்வறிவு நம்மை விட்டு அகன்றுவிடுவது ஏன்? விருப்பமானது தேவையின் வேடம் பூண்டு வருவதனாலேயாம். நம்மவரிடையே அது பெரும்பாலும் 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்?' என்னும் கேள்வியாய் நுழைகிறது.

1998-ஆம் ஆண்டு நமது மூத்த மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம். நாடெங்கும் பொருளாதார நெருக்கடி. நாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் மிகைநேர வேலையும் நின்றிருந்தது. ஆயினும், உறவினர் முன் தாழ்வு கூடாதென்று வட்டிக்குக் கடன் வாங்கி, மண்டபம் பிடித்து, விருந்தும் மேளமும் வைத்தோம். அடுத்த மாதமே, கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியவில்லை என்றாள் மகள். மூக்குக்கண்ணாடி வாங்கப் பணமில்லை. 'அடுத்த சம்பளத்தில் பார்ப்போம்' என்று மூன்று மாதம் கடத்தினோம். விருந்துண்டவர் எவரும் அக்கடனில் ஒரு காசும் தரவில்லை. அதன் வட்டியை அப்பிள்ளையின் கண்களே கட்டின.

நமது அன்னையார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், எழுத்தறியாதவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட அக்காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதம் 10 வெள்ளி செலுத்தித் தொழிலாளரே தோட்டத்துக்குப் பங்குதாரராகும் வழி பிறந்தது. சம்பள நாளில் அன்னையார் முதலில் அத்தொகையை முந்தானையில் முடிந்துவைப்பார். பிறகே கடைப்பற்றைத் தீர்ப்பார். பக்கத்து வீட்டில் வானொலி பாடிற்று. நம் வீட்டில் பாடவில்லை. ஆனால், பள்ளி தொலைவென்று நமக்குச் சைக்கிள் வாங்கித் தர அவர் தயங்கவேயில்லை. சைக்கிள் சிலருக்கு ஆடம்பரம்; நமக்கோ அதுவே பள்ளிக்கு வழி. ஆகவே, தேவை என்பது பொருளில் இல்லை. அப்பொருள் செய்யும் பணியில் இருக்கிறது.

இன்று தவணைமுறை கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. பொருளை இப்பொழுதே கொள்க, பணத்தைப் பிறகு தருக என்கின்றனர். தோழர்களே! வாங்குமுன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: 'இதற்குப் பணம் கொடுத்தால் வீட்டில் எது காத்திருக்கும்?' காத்திருப்பது பிள்ளையின் படிப்போ, முதியவரின் மருந்தோ ஆயின், அப்பொருளே காத்திருக்கட்டும். விரும்புதல் குற்றமன்று, விருப்பம் தன் முறை வரும்வரை நிற்கப் பழகவேண்டும்.