மலைச் சரிவும் உழவியந்திரமும்

பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் செல்லும் பாதை மலையைச் சுற்றி வளைந்து வளைந்து மேலேறுவது. அதன் இருமருங்கும் தேயிலை. தேயிலை கைவிடப்பட்ட இடங்களில் மானாப் புல். புல்லையும் மீறி எழுந்த இடங்களில் அல்பீசியாவும் கிறவிலியாவும் பலாவும் கித்துளும் கலந்த காடு. அப்பாதையிலிருந்து சற்றே விலகிய ஒரு சரிவில் மூன்று ஏக்கர் நிலத்தை முதியவர் ஒருவர் 2023ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினார். இருபது ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த சிறு தேயிலைத் தோட்டம் அது. கவ்வாத்துக் காணாத தேயிலைச் செடிகள் மரங்களாகி நின்றன. அவற்றின் மீது கொடி படர்ந்து, கொடியின் மீது உண்ணிப் பற்றை ஏறி, நிலத்தின் எல்லை எது என்று கண்டுகொள்வதற்கே இரு நாட்கள் ஆயின.

அந்த மூன்று ஏக்கரின் பெறுமதியை அறிய வேண்டுமாயின் வாங்கியவரின் வரலாற்றை அறிதல் வேண்டும். அவருடைய பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து தலைமன்னார் வழியாக இம்மலைகளுக்கு வந்தவர். தந்தையார் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவரானவர். முதியவரோ நாற்பதாண்டுகள் தோட்டத்தில் உழைத்து, லயத்து அறையொன்றிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். காட்டை வெட்டுவதும், கான் வெட்டுவதும், கல்லணை கட்டுவதும் அக்குடும்பத்துக்குக் கைவந்த வேலைகள். ஆனால் வெட்டிய மண்ணில் ஒரு பிடியேனும் அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஊழியர் சேமலாப நிதியும், மகன் வளைகுடா நாட்டில் ஏழாண்டுகள் உழைத்து அனுப்பிய பணமும் சேர்ந்தே அந்த உறுதிப் பத்திரம் கைக்கு வந்தது. இரண்டாம் முறை வாங்குவதற்கு அவர்களிடம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

மகன் ஊர் திரும்பியதும் முதலிற் செய்த காரியம் உழவியந்திரங்களின் விலையை விசாரித்ததேயாகும். பாலைவனத்தில் மாபெரும் இயந்திரங்கள் ஒரே நாளில் நிலத்தின் முகத்தை மாற்றியமைப்பதை அவர் கண்டிருந்தார். ஐம்பது குதிரைவலுக் கொண்ட, ஒருவர் பாவித்த நான்கு சில்லு உழவியந்திரம் ஒன்று கம்பளைப் பக்கத்தில் விற்பனைக்கு இருந்தது. அதனை வாங்கினால் ஒரு மாதத்தில் மூன்று ஏக்கரையும் வெளியாக்கி, மரக்கட்டைகளைப் பிடுங்கியெறிந்து, மரக்கறி பயிரிடலாம் என்பது அவருடைய கணக்கு.

"கத்தியும் கோடாலியும் வச்சுக்கிட்டு இன்னும் எத்தன காலத்துக்குப்பா?" என்று அவர் கேட்டார்.

"மிசினு வேணாங்கல தம்பி. எந்த மிசினுன்னு நெலத்தக் கேட்டுட்டு வாங்குவோம்" என்றார் தந்தை.

இம்மலைகள் ஒருமுறை முற்றாக வெளியாக்கப்பட்டவை என்பதை முதியவர் தம் முன்னோர் வாயிலாக அறிந்திருந்தார். 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அண்மையில் கோப்பித் தோட்டம் தொடங்கியதன் பின், குறிப்பாக 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தைத் தொடர்ந்து, கண்டியைச் சூழ்ந்த காடுகள் விரைவாக வீழ்த்தப்பட்டன. அன்று உழவியந்திரம் இல்லை; ஆயினும் வேகம் குறைவாக இருக்கவில்லை. சரிவின் அடியிலிருந்து மேல் நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவே வெட்டி நிறுத்துவர். இறுதியில் உச்சியிலுள்ள வரிசையை முழுதாக வெட்டிச் சாய்ப்பர். மேல்வரிசை கீழ்வரிசையின் மீது விழ, மலைச்சரிவு முழுவதும் பேரிரைச்சலோடு ஒருங்கே சாயும். பின்னர் தீ மூட்டப்படும். மலையின் பாரத்தையே கருவியாக்கிக் கொண்ட முறை அது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிச் சில பத்தாண்டுகளுள் கோப்பி அழிந்தொழிந்தது. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, மழை கழுவிச் சென்ற மேல்மண் மட்டும் திரும்பி வரவில்லை.

மகனின் வற்புறுத்தலுக்கு இணங்கி, வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு நான்கு சில்லு உழவியந்திரம் ஒன்று கொண்டுவரப்பட்டது. கீழ்ப்பகுதியில் அது நன்றாகவே வேலை செய்தது. நண்பகலுக்கு மேல், சரிவில் நின்ற பழைய கிறவிலியாக் கட்டையொன்றைப் பிடுங்குவதென்று தீர்மானித்தனர். சங்கிலியின் ஒரு முனை கட்டையிற் கட்டப்பட்டது. மறுமுனை இயந்திரத்தின் பின்புறத்தில், இழுசட்டத்துக்கு மேலே, இருக்கைக்கு அண்மையிலுள்ள இரும்பில் மாட்டப்பட்டது. மேலே கட்டினால் இழுவை கூடும் என்பது அங்கு நின்றோரின் எண்ணம். இயந்திரம் முன்னே உந்தியது, கட்டை அசையவில்லை, அடுத்த கணத்தில் முன்சில்லுகள் இரண்டும் நிலத்தைவிட்டு மேலெழுந்தன. சாரதியின் கால் தற்செயலாகவே 'கிளச்' மீது இருந்தது. அவர் அதனை அழுத்தியதால் முன்சில்லுகள் மீண்டும் தரையில் வந்து மோதின. எவருக்கும் காயமில்லை. ஆனால் அன்று மாலை தேநீர்க் கோப்பையைப் பிடித்த மகனின் கை நடுங்கியதை வீட்டிலுள்ளோர் யாவரும் கண்டனர்.

அக்கணத்தில் நிகழ்ந்தது யாதென்பதைப் பொறியியல் எளிதாக விளக்கும். பின்சில்லுகள் முன்னேற இயலாது தடைப்படும்போது, அவற்றைச் சுழற்றும் விசை இயந்திரத்தின் உடலையே அச்சைச் சுற்றி மேலே தூக்க முயல்கின்றது. சங்கிலி அச்சுக்குக் கீழே, இழுசட்டத்தில் மாட்டப்பட்டிருப்பின் இழுவை முன்பகுதியைத் தூக்கவிடாது. அச்சுக்கு மேலே மாட்டப்பட்டிருப்பின் இழுவையும் சேர்ந்து இயந்திரத்தைப் பின்னோக்கிக் கவிழ்க்கும். முழுதாகக் கவிழ்வதற்கு ஏறத்தாழ ஒன்றரை வினாடி போதும். மனிதன் ஆபத்தை உணர்ந்து செயற்படுவதற்கு அந்நேரம் போதாது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் வெளிவந்த போர்ட்சன் உழவியந்திரங்கள், கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கியபோது இவ்வாறே கவிழ்ந்து பலரைக் கொன்றன. ஹரி பேர்கசன் வகுத்த மும்முனை இணைப்பு முறை இவ்வாபத்தைப் பெரிதும் குறைத்தது. கலப்பைக்கு நேரும் தடையையே முன்சில்லுகளை நிலத்தோடு அழுத்தும் விசையாக மாற்றிய அம்முறை இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளது. சாரதியின் தலைக்கு மேல் அமையும் உருக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைப் புதிய உழவியந்திரங்களுக்குச் சுவீடன் நாடு 1959இல் கட்டாயமாக்கிற்று. அச்சட்டகமும் இருக்கைப் பட்டியும் சேர்ந்திருந்தாலே முழுப் பயன். வாடகைக்கு வந்த அந்த இயந்திரத்தில் இரண்டும் இருக்கவில்லை.

நிலத்தைக் கேளாது இயந்திரத்தை நம்பியதன் விளைவு தனி மனிதரோடு நிற்பதில்லை. இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானிய அரசு தங்கனீக்காவில் நிலக்கடலைப் பயிர்ச்செய்கைக்கெனப் பெருநிலப் பரப்பைத் துப்புரவாக்க முனைந்தது. 1947இல் வேலை தொடங்கியது. போரில் எஞ்சிய உழவியந்திரங்களும் புல்டோசர்களும் கொண்டு செல்லப்பட்டன. மன்னாரில் நாம் காணும் பெருக்க மரங்களின் இனத்தைச் சேர்ந்த மாபெரும் மரங்கள் அங்கு வழிமறித்தன. பற்றைகளின் வேர்கள் கலப்பைகளை முறித்தன. வெளியான களிமண் கோடையில் கல்லாக இறுகியது. கோடிக்கணக்கான பவுண் செலவாகிய பின், 1951இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஓர் அரசு அத்தகைய இழப்பைத் தாங்கிக்கொள்ளும். மூன்று ஏக்கர்க் குடும்பம் தாங்குமா?

சங்கிலிச் சம்பவத்துக்கு மறுநாள் முதியவர் ஒரு மீற்றர் நீளமான நேரிய பலகையையும், நீர் நிரப்பிய சிறு போத்தலையும், ஓர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினார். பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, போத்தலின் நீர்க்குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையை உயர்த்தி, அம்முனைக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்தார். கீழ்ப்பகுதியில் அது 10 சென்ரிமீற்றர், நடுப்பகுதியில் 30, மேற்பகுதியில் 60. பாகைக் கணக்கில் இவை முறையே ஏறத்தாழ 6, 17, 31 ஆகும். சாதாரண நான்கு சில்லு உழவியந்திரத்தைப் பதினைந்து பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டுவது உயிராபத்து என்பது பொதுவான அறிவுரை. கரடுமுரடான, கட்டைகள் மறைந்துள்ள, மழையில் நனைந்த நிலத்தில் அவ்வளவும் பாதுகாப்பானதன்று. எனவே நிலம் தன் விடையைத் தானே கூறிவிட்டது. இயந்திரம் இறங்கக்கூடிய பரப்பு மூன்று ஏக்கரில் முக்கால் ஏக்கருக்கு மேல் இல்லை.

அந்த விடைக்கேற்பவே வேலை பங்கிடப்பட்டது. மேற்பகுதிக்கு எந்தச் சில்லும் செல்வதில்லை. அங்கு நின்ற பலா, கித்துள், கராம்பு மரங்கள் அப்படியே விடப்பட்டன. பற்றை மட்டும் கத்தியால் வெட்டப்பட்டு, வெட்டியது நிலத்திலேயே போர்வையாகப் பரப்பப்பட்டது. கிளிரிசீடியாக் கம்புகளை நட்டு மிளகுக் கொடி ஏற்றினர். பலா மரத்தை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் மரம் வீழ்த்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும் என்பது ஒருபுறமிருக்க, கண்டிக் கிராமத்து வீட்டுத்தோட்டங்கள் காலங்காலமாகக் காட்டிய வழியும் இதுவே. உயர்ந்த மரம், நடுத்தர மரம், கொடி, கிழங்கு என அடுக்கடுக்காக வளரவிட்டு, காட்டின் உருவத்தைக் கெடுக்காமலே அதனைத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள்.

நடுப்பகுதிக்குத் தோளில் மாட்டும் புல்வெட்டி இயந்திரமும், அல்பீசியாவைத் துண்டாக்க ஒரு நாள் வாடகைக்கு இயந்திர வாளும் போதுமாயின. கட்டைகள் பிடுங்கப்படவில்லை. வெட்டிய மரத்தின் வேர் உடனே மண்ணைக் கைவிடுவதில்லை. அது உக்கிப்போகச் சில ஆண்டுகள் செல்லும். அவ்விடைவெளிக்குள் புதிய வேர்கள் அவ்விடத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆதலால் ஒவ்வொரு கட்டையின் அருகிலும் ஒரு கன்றை நட்டார் முதியவர்.

கீழ்ப்பகுதிக்கென வாங்கியது, மலைநாட்டார் 'லாண்ட்மாஸ்டர்' என்று பொதுவாக அழைக்கும் இருசில்லு உழவியந்திரம். பாரம் குறைவாதலால் அது மண்ணை இறுக்குவது குறைவு, ஒடுங்கிய இடத்தில் திரும்பும், மரங்களுக்கிடையே நுழையும், பெட்டியை இணைத்தால் எருவும் விறகும் ஏற்றும். எனினும் அதற்கும் ஒரு குணம் உண்டு. சமதரையில் இடக்கைப் பிடியை அழுத்தினால் அது இடப்புறம் திரும்பும். பாரத்தோடு இறக்கத்தில் ஓடும்போது அதே பிடியை அழுத்தினால் வலப்புறம் திரும்பும். விசை துண்டிக்கப்பட்ட சில்லு கட்டற்று விரைந்து உருள்வதே காரணம். இதை அறியாதவர் வளைவுகளில் பள்ளத்தை நோக்கிச் செல்வர். பாலைவனத்தின் பெரிய இயந்திரங்களைக் கண்டு பழகிய மகன், இச்சிறிய இயந்திரத்தை இறக்கத்தில் செலுத்தப் பழகுவதற்கு மூன்று வாரங்கள் சென்றன.

இயந்திரத்தை மேலும் சற்று உயரத்துக்குக் கொண்டு செல்லவேண்டும் என்று மகன் விரும்பினார். தந்தை அரைமனத்தோடு இசைந்தார். வாடகை 'பெக்கோ' ஒன்று நடுச்சரிவின் அடியை வெட்டி நாற்பது அடி நீளமான பாதை அமைத்தது.

2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' புயல் மலைநாட்டின் மீது கொட்டிய மழையைக் கண்டி மாவட்டம் மறக்காது. மலைகள் பிளந்தன, வீடுகள் புதைந்தன, குடும்பங்கள் முழுதாக மறைந்தன. மரமடர்ந்த சரிவுகளும் சில இடங்களில் தப்பவில்லை. ஆகவே மரம் இருந்தால் மலை சரியாது என்று கூறுதல் உண்மையாகாது. அக்குடும்பம் பள்ளிக்கூடமொன்றில் பல இரவுகள் தங்கியிருந்து திரும்பியபோது, நிலம் பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்றது. மேற்பகுதியில் ஒரு பலாக்கிளை முறிந்திருந்தது. நடுப்பகுதிக் கன்றுகள் சாய்ந்திருந்தன. முற்றாகச் சரிந்திருந்தது ஒன்றே: பெக்கோ வெட்டிய அந்த நாற்பது அடிப் பாதை.

முதியவர் மகனைக் குறைகூறவில்லை. அலவாங்கை எடுத்து, சரிவின் அடியில் விழுந்துகிடந்த கற்களைப் புரட்டத் தொடங்கினார். சற்று நேரம் பார்த்து நின்ற மகன், லாண்ட்மாஸ்டரைக் கீழ்வெளியிலேயே நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு மேலேறி வந்தார்.

"கல்லு அணை கட்டுவோமா அப்பா?"

"கட்டுவோம் தம்பி. பாதை வேணாம், படிக்கட்டு போதும்."

நிலத்தைத் திருத்துவதற்கேற்ற இயந்திரம் எது என்னும் வினாவுக்கு விற்பனையாளர் குதிரைவலுவில் விடை கூறுவர். சரிவு பாகையில் விடை கூறும்; மழை நீரின் அளவில் விடை கூறும். மூன்றையும் கேட்டறிந்த பின்னரே பணத்தை எண்ணுதல் வேண்டும். நான்கு தலைமுறை பிறர் மண்ணில் கல்லணை கட்டிய கைகள், முதன்முறையாகத் தம் சொந்த மண்ணைத் தாங்குவதற்கு ஓர் அணையைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த அணையின் முதல் வரிசைக் கற்கள் இப்போது முழங்கால் உயரத்துக்கு வந்துள்ளன.