கடுகண்ணாவை வழியில் ஓர் இணைப்பாணி

கண்டியிலிருந்து கொழும்பு வீதி வழியே கடுகண்ணாவைக்குச் செல்வோர் பேராதனையில் மகாவலி கங்கையைக் கடப்பர். 1833 ஆம் ஆண்டளவில் இங்கே முதிரை மரத்தாலான பாலமொன்று அமைந்தது. ஏறத்தாழ 205 அடி தாவும் ஒற்றை வளைவு. ஆணியோ சுரையோ அதில் இல்லை. 1905 இல் அது அகற்றப்பட்டது. வளைவின்மேல் ஏறும் பாரம் மரத்துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்குமாதலின், அதற்கு ஆணி வேண்டியிருக்கவில்லை.

இழுத்துச் செல்லும் பாரத்தின் கதை வேறு. சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் அவ்வழியே சென்றபோது அதனை நேரிற் கண்டோம்.

பிலிமத்தலாவைக்கு அண்மையில் ஓர் ஏற்றத்திலே, செங்கல் நிறைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு உழவு இயந்திரமொன்று எமக்கு முன்னே சென்றது. திடீரென ஒரு குலுக்கல். பெட்டி கழன்று, இழுதண்டு தரையில் உராயப் பின்னோக்கி உருண்டது. வீதியோரத்து மண்திட்டு அதனைத் தடுத்தது. சற்றுக் கீழே பாடசாலைப் பிள்ளைகள் பேருந்துக்காக நின்றிருந்தனர்.

இணைப்பில் இருந்தது கட்டடக் கம்பித் துண்டொன்று. "ஆறு மாசமா இதுதான் தாங்குச்சு, ஐயா" என்றார் இளைஞரான ஓட்டுநர். "ஆறு மாதமாகத் தேய்ந்தது என்று சொல்லும், தம்பி" என்றோம்.

10 அடிக்கு 1 அடி உயரும் வீதியில் 1,000 கிலோ எடையுள்ள பெட்டி, ஏறத்தாழ 100 கிலோ பாரத்தின் அளவிலேதான் பின்னே இழுக்கும். அதனைக் கம்பித் துண்டும் தாங்கும். கேடு விளைப்பது அதிர்ச்சியே. துளையினும் மெலிந்த ஆணி உள்ளே ஆடும். வண்டி புறப்படுந்தோறும் நிற்குந்தோறும் அதன்மேற் சம்மட்டியடி விழும்.

அவரையும் அழைத்துக்கொண்டு அருகிலிருந்த இரும்புக் கடைக்குச் சென்றோம். ஆணி துளைக்குப் பொருந்தும் பருமனுடையதாய் இருத்தல் வேண்டும். விசை தாக்கும் இடத்தில் மரையன்றி வழவழப்பான தண்டே அமைதல் நன்று. மரையின் பள்ளத்திலே வெடிப்பு எளிதில் தொடங்கும். சுரையாணியின் தலையில் 8.8 எனப் பொறித்திருப்பின், சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் வரை அது அறாது; அதிற் பத்தில் எட்டுப் பங்கான 640 வரை நிலையாக நீண்டுவிடாது. 4.6 என்றிருப்பின் அவ்வளவுகள் 400, 240 மட்டுமே. வெறுஞ் சுரை அதிர்விற் கழலக்கூடும். எனவே தண்டின் துளையிற் கொட்டர் பின் ஒன்றும் வேண்டும். இணைப்பே தவறினும் பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு காவற் சங்கிலியும் வேண்டும். எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டியபின் இளைஞர் மெல்லப் புறப்பட்டார்.

1867 இல் கண்டிக்கு வந்த புகையிரதம், 45 அடிக்கு 1 அடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தே வந்தது. அந்நிலையத்தருகே 2014 இல் திறக்கப்பட்ட புகையிரத அருங்காட்சியகத்தில், வருவோர் பெரும்பாலும் சக்கரங்களையும் புகைபோக்கியையுமே வியந்து நிற்பர். எம் மாணவரோ அன்று முதற்கண் குனிந்து, பழைய வண்டிகளின் கொளுக்கியையும் இணைப்பையும் பார்த்தனர்.