எறும்புத்தின்னி மேய்த்த கதை

ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்று சொன்னால் போதும், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ‘சிங்கம் பாத்தீங்களா சார்?’

இல்லை. நான் போனது நீங்கள் டி.வி.யில் பார்க்கிற புல்வெளி ஆப்பிரிக்கா அல்ல, மழைக்காடு. அங்கே இருபதடி தள்ளி யானை நின்றால்கூடத் தெரியாது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தென்மேற்கு மூலையில், சங்கா ஆற்றங்கரையில், பயங்கா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. 2019-ல் அங்கே ஆறு வாரம் தொண்டூழியம். சம்பளம் கிடையாது. சாப்பாடும் கொசுவலையும் உண்டு.

யானை பார்க்கத்தான் போனேன். முதல் வாரமே பார்த்தும் விட்டேன். ட்ஸாங்கா பாய் என்று காட்டுக்கு நடுவே ஒரு திறந்தவெளி. அந்த மண்ணிலிருக்கும் தாது உப்புக்காக யானைகள் வருகின்றன. மேடையில் உட்கார்ந்து எண்ணினேன். 63-க்கு மேல் கணக்கு தப்பிவிட்டது. 2013 மே மாதம் இதே இடத்தில் ஓர் ஆயுதக் கும்பல் 26 யானைகளைச் சுட்டுக் கொன்றது. அப்புறமும் அவை திரும்பி வந்திருக்கின்றன.

ஆனால் எனக்குக் கொடுத்த வேலை வேறு. தினமும் ஓர் எறும்புத்தின்னிக் குட்டியின் பின்னால் நடக்க வேண்டும். சிரிக்காதீர்கள். அதன் தாய் யார் வீட்டுச் சட்டிக்கோ போய்விட்டது. இதை மட்டும் மீட்டு வந்திருந்தார்கள். இதற்குப் பல் கிடையாது. எறும்பும் கறையானும்தான் ஆகாரம். கூண்டில் வைத்துத் தட்டில் போட்டால் திரும்பியும் பார்க்காது. ஆகவே காலையில் காட்டில் இறக்கிவிட்டு, அது மேய மேய நாமும் கூடவே போக வேண்டும். மாடு மேய்க்கிற மாதிரிதான். என்ன, மாடு மரம் ஏறாது. இது கருவயிற்று எறும்புத்தின்னி. பகலில் நடமாடும், மரத்திலேயே வாழும். உடம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீள வால்.

பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையால்கூட எளிதில் பிரிக்க முடியாது. மனுஷன் தேங்காய் மாதிரி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான்.

கூட வந்தவர் பயாகா இனத்தவர், நாற்பது வயதிருக்கும். என்னை ‘பத்ரோன்’ என்பார். முதலாளி என்று அர்த்தமாம். ஆறு மணி நேரம் வேர் தடுக்கி விழுந்து எழுந்து அவர் பின்னால் போகிற முதலாளி! எனக்கும் அவருக்கும் பொது மொழி பத்து சாங்கோ வார்த்தைகள், மீதி கைஜாடை. குட்டி எங்கே என்று நான் கண்ணால் தேடுவேன். அவர் காதால் தேடுவார். பட்டையில் நகம் உரசும் சத்தம் போதும் அவருக்கு.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், ‘பாத்துக்கோ’ என்று ஜாடை காட்டிவிட்டு ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனார். கொசுத்தேனீக்கள் வியர்வைக்காக என் கண், காது எல்லாவற்றிலும் மொய்த்தன. தலைக்கு மேலே ஒரு குரங்குக் கூட்டம் தாவிப் போனது. கேமராவைத் தூக்கினேன். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு.

திரும்பினால் மரம் காலி.

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டார். வேறொரு மரத்தடிக்குப் போய்க் கேட்டார். இருட்டுகிற வரை அப்படியே. மறுநாளும், அதற்கு மறுநாளும். கிடைக்கவில்லை. என் ஆறு வாரம் முடிந்து ஊர் வந்து சேர்ந்தேன்.

தினமும் அதை எடை போட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. கடைசியாக எழுதியது 1,140 கிராம்.

‘விடுங்க சார், அதுக்கு விடுதலைதானே’ என்கிறார்கள் நண்பர்கள். காட்டில் தனியாக ஓர் இரவுகூட இருந்து பழகாத குட்டிக்கு என்ன விடுதலை?

ஒரு மாதம் கழித்து விடுதியிலிருந்து மெயில் வந்தது. உயரமான கிளையில் ஒன்றைப் பயாகாக்காரர் பார்த்தாராம். வாலில் ஒரு செதில் உடைந்திருந்ததாம், அதேதானாம். உண்மைதான், நம் குட்டிக்கு வாலில் ஒரு செதில் உடைந்திருந்தது.

அத்தனை உயரத்தில் செதில் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையே கேட்டு எழுதினேன். ‘பார்த்ததாகத்தான் சொல்கிறார்’ என்று பதில் வந்தது.