பூமிக்குள் போன பதினைந்து லட்சம் புட்டிகள்

ஷாம்பேன் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! உங்களைக் குடிக்க அழைக்கவில்லை. ஓர் ஊரைப் பார்க்கத்தான் அழைக்கிறேன்.

பாரிஸில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எப்பெர்னே வந்துவிடும். சின்ன ஊர்தான். ஆனால் அங்கே 'ஷாம்பேன் அவென்யூ' என்று ஒரு வீதி இருக்கிறதே, இரு பக்கமும் அரண்மனைகள்! அத்தனை செல்வமும் மாடியில் இல்லை, காலடியில் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, ஊருக்கு அடியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நிலவறைகள். கோடையானாலும் குளிரானாலும் உள்ளே ஒரே சில்லிப்பு. அந்த இருட்டில் லட்சக்கணக்கான புட்டிகள் தூங்குகின்றன.

இவற்றில் போல் ரோஜே என்பவர் 1849-ல் தொடங்கிய கம்பெனி இன்றும் குடும்பத்தார் கையிலேயே இருக்கிறது. இவர்கள் 'ரிச்' என்று இனிப்பான ஷாம்பேன் ஒன்று செய்கிறார்கள். இனிப்பு எப்படி வருகிறது தெரியுமா? புட்டிக்குள்ளேயே ஒயின் இரண்டாம் முறை புளிக்கிறது. நுரை பிறப்பது அதனால்தான். கூடவே கசடும் சேரும். புட்டியைத் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் கையால் சிறிது சிறிதாகத் திருப்புகிறார்கள். பல கம்பெனிகளில் இதற்கு இயந்திரம் வந்துவிட்டது. இங்கே இன்னும் மனிதக் கைதான். கசடு கழுத்துக்கு இறங்கியதும், கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால், கசடு பனிக்கட்டியாக வெளியே பாய்ந்துவிடும்! குறைந்த இடத்தை ஒயினில் கரைத்த சர்க்கரைப் பாகால் நிரப்புகிறார்கள். 'ப்ரூட்' வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. இந்த இனிப்பு வகையில் 32 முதல் 50 கிராம் வரை. பாகுப் பதம் அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா என்ன! அந்தக் கால ருஷ்யப் பிரபுக்களுக்கு இந்த இனிப்பும் போதாதாம். இன்றைய ரசிகர்களோ இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். இனிப்பைக் கண்டால் ஏன்தான் இந்தப் பெரிய மனிதர்களுக்கு ஆகாதோ!

இனி அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருவோம். 1899 டிசம்பரில் போல் ரோஜே காலமானார். மோரீஸ், ஜார்ஜ் என்று இரண்டு பிள்ளைகள். துக்கம் ஆறுமுன், 1900 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, பூமி இடி இடித்தாற்போல் முழங்கிற்று. ஈரத்தில் ஊறிய மண் சரிந்து, நிலவறைகள் இடிந்து விழுந்தன. சுமார் பதினைந்து லட்சம் புட்டிகளும் ஐந்நூறு பீப்பாய்களும் மண்ணுக்குள் போயின! சுரங்கம் வெட்டி மீட்கலாமா என்று யோசித்தார்கள். அருகிலேயே மறுபடி மண் சரியவே, கைவிட்டார்கள்.

ஆனால் தொழிலைக் கைவிடவில்லை. தகப்பனாரின் முழுப்பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். மோரீஸ் பின்னால் ஊர் மேயராகவும் ஆனார். 1914-ல் ஜெர்மானியப் படை புகுந்தபோது ஊரை விட்டு ஓடாமல் நின்றார்.

2018-ல் அதே இடத்தில் புதுக் கட்டிடத்துக்காகத் தோண்டினார்கள். உடைந்த கண்ணாடிக் குவியலுக்கு நடுவே சில புட்டிகள் முழுசாகக் கிடைத்தன. தக்கை இறுக்கம் தளரவில்லை. உள்ளே ஒயின் தெளிவாக இருந்தது. அத்தனையும் அப்பா காலத்துச் சரக்கு!