பி.டி. பீரியடில் பெஞ்சு தூக்குகிறவர்கள்

"உங்க பசங்களுக்கு உடம்பு இயற்கையாவே முறுக்கு." சேரிப் பிள்ளைகளைப் பார்த்து இப்படிச் சொல்லும் பி.டி. வாத்தியார்கள் எங்களுக்கும் வாய்த்தார்கள். பாராட்டுபோலத்தான் கேட்கும். அடுத்து வருவது வேலை: பெஞ்சைத் தூக்கு, மைதானத்தில் கல் பொறுக்கு, ஆண்டுவிழாவுக்கு இரும்புப் பைப்பை இறக்கு. ஊர்ப் பிள்ளைகள் வாலிபால் ஆடினார்கள், நாங்கள் சுமந்தோம்.

இப்போது எங்கள் மாலை நேர வகுப்புக்கு வரும் பையன்கள் உடற்பயிற்சி கேட்கிறார்கள். "வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். அதே பையன் லீவு நாளில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை சுமக்கும்போது அவன் வளர்த்தியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை!

முறையாகச் செய்தால் வளர்ச்சி நிற்காது. 5 முதல் 17 வயது வரை வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது. வளரும் வயதில் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு மென்மையானது. சொல்லித்தர ஆளில்லாமல், தாங்காத எடையை, தப்பான வாக்கில் தூக்கும்போதுதான் அதற்கு ஆபத்து. பெஞ்சும் மூட்டையும் அப்படித்தான் தூக்கப்படுகின்றன.

ஆகவே முதலில் சொந்த உடம்பின் எடை போதும். பஸ்கி, முட்டி ஊன்றிய தண்டால். பிறகு லேசான எடை. முதுகு வளையாமல், மூச்சை அடக்காமல் 10, 15 தடவை சுலபமாகச் செய்ய வந்தபிறகே கொஞ்சம் கூட்டலாம், அதுவும் 5 முதல் 10 சதவீதம்தான். இடையில் ஒருநாள் ஓய்வு. யார் அதிகம் தூக்குவது என்ற பந்தயம் கூடவே கூடாது. ஹோம்வொர்க் எழுதாததற்கு 100 தோப்புக்கரணம் போடச் சொல்வது பயிற்சியில் சேராது, அது தண்டனை.

பவுடர் டப்பாவும் வேண்டாம். முட்டை, நிலக்கடலை, மாட்டுக்கறி போதும். (கடைசியில் சொன்னதை டிபன் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கு அனுப்ப முடியாது என்பது தனிக்கதை.)

பி.டி. பீரியடில் எந்தப் பிள்ளையையும் சுமக்க விடக்கூடாது, எல்லாப் பிள்ளைக்கும் பயிற்சி தரவேண்டும் என்று பள்ளியில் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. நாங்கள் மணல் அடைத்த தண்ணீர் பாட்டில்களோடு தொடங்கிவிட்டோம். செவ்வாய், வியாழன், சனி, மாலை 6 மணி. பெண்பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள்.